மானுக்கு யார் பிரசவம் பார்க்கிறார்கள்?

பிப்ரவரி 8, ஞாயிறு

காலையில் பனி. எதிரே இருக்கும் பலாமரம்கூடத் தெரியவில்லை. துவைத்த துணி இரண்டு நாளாக ஈரம்.

செய்தவை: சாமை புடைத்தது (பாதி). கொல்லையில் அவரைக்காய் பறித்தது. வெந்நீரில் கால் ஊற வைத்தது. அம்மாவிடம் பேசியது.

அம்மாவிடம் பேச ரோட்டு வளைவு வரை நடக்க வேண்டும். வீட்டில் சிக்னல் எடுக்காது. எடுத்தாலும் இவர் போனை உள்ளே விடமாட்டார். வயிற்றுப் பிள்ளைக்குக் கதிர்வீச்சு ஆகாதாம். தகர டப்பாவில் போட்டு மாட்டுக்கொட்டகையில் வைத்திருக்கிறார். ஞாயிறு மட்டும் எடுப்போம்.

அம்மா போளூரிலிருந்து வேறு ஒன்றும் கேட்கவில்லை. எடுத்ததும், "கால் வீங்கிக்கீதாடி?"

"கொஞ்சம்."

"கொஞ்சம்னா எவ்ளோடி? மோதரம் கழலுதா?"

கழலுது என்றேன். பொய். எண்ணெய் தடவி, சோப்பு போட்டு, அழுது, போன வாரமே கழற்றி வைத்துவிட்டேன். இவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார், வேறென்ன சொல்ல.

எட்டாம் மாதம் நடக்கிறது. ஸ்கேன் எடுக்கவில்லை. மாத்திரை இல்லை. முருங்கைக்கீரை, கேழ்வரகு, தேன், பேரீச்சை. "உடம்புக்குத் தெரியும் கவி" என்கிறார். என் உடம்புக்கு என்ன தெரியும்? போளூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பிறந்து வளர்ந்த உடம்பு. அதற்கு வெயில் தெரியும், கொசு தெரியும், லாரி சத்தத்தில் தூங்கத் தெரியும். இந்தக் குளிர் தெரியாது. வந்த புதிதில் இந்த மேட்டில் ஏற மூச்சு வாங்கும், இடையில் உட்கார்ந்துவிடுவேன். இப்போது வயிற்றோடு ஏறுகிறேன். அது பழகிவிட்டது. அதையே காட்டி, எல்லாம் பழகிவிடும் என்கிறார்.

பயமாக இருக்கிறது. எழுதினால் குறையும் என்று நினைத்தேன்.

குறையவில்லை.


பிப்ரவரி 10, செவ்வாய்

வெயில் அடித்தது. துணி காய்ந்தது. நர்சம்மா வந்தார்.

தமிழ்ச்செல்வி என்று பெயர். இந்தப் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் அவர்தான் சுகாதார நர்ஸ். முன்னாலும் வந்திருக்கிறார், இவர் வேலிப் படலுக்கு வெளியிலேயே கும்பிட்டு அனுப்பிவிடுவார். இன்றைக்கு ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு, "தாகமா கீது சார், தண்ணி குடுங்க" என்று நேராக உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார். தாகம் என்றவரை எப்படித் துரத்துவது. இவர் துளசித் தண்ணீர் கொடுத்தார்.

"பிரபு சார், நான் சண்ட போட வர்ல. ஏன் இந்த மலைக்கு வந்தீங்க, அத்த சொல்லுங்க."

இவர் சொன்னார். சென்னையில் ஆபீஸ். சின்ன வயதிலிருந்தே வீசிங். பை நிறைய மருந்து. கல்யாணம் ஆன பிறகும் ராத்திரியெல்லாம் உட்கார்ந்தே தூங்கியது. இங்கே குத்தகைக்கு நிலம் எடுத்து, மண்ணாலேயே வீடு கட்டி, சாமையும் ராகியும் தின்று, இப்போது ஒரு மருந்தும் இல்லை. "மனுஷன் இருக்க வேண்டிய எடத்துல இருந்தா வியாதி வராதுங்க. நாமதான் எடம் மாறிட்டோம்."

நர்சம்மா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். "நல்லது சார். நீங்க நல்லா கீறீங்க, சந்தோஷம். இந்தப் பொண்ணுக்கு யாரு பிரசவம் பாப்பாங்க?"

"இயற்கை பாக்கும். மானுக்கு யாருங்க பிரசவம் பாக்கறாங்க?"

"மானுக்கு இன்னா ஆவுதுன்னு நமக்கு யாரு சார் சொன்னா? செத்துப்போனா நரி தின்னுட்டுப் போய்டும். பொழச்சது மட்டும்தான் நம்ம கண்ணுக்குத் தெரியுது."

இவர் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. பிரஷர் பார்க்கும் மெஷினைப் பையிலிருந்து எடுத்தபோது மட்டும் குரல் மாறிவிட்டது. "வேணாங்க. நம்பரைச் சொல்லிச் சொல்லித்தான் பயமுறுத்துவீங்க. தண்ணி குடிச்சாச்சு இல்ல."

நர்சம்மா எழுந்தார். எழுந்த மாதிரி எழுந்து, என் பக்கம் குனிந்து, கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தி எடுத்தார். குழி விழுந்தது. மூவரும் பார்த்துக்கொண்டே நின்றோம். மாவில் விரல் வைத்த மாதிரி, அது மேலே வரவே இல்லை.

"தலவலி வந்தா, கண்ணு மங்குனா, வலது பக்கம் வயித்துக்கு மேல வலிச்சா ஒரு நிமிஷம் நிக்காத. எனக்குப் போன் பண்ணு. கீழ் வூட்டு அலமேலு கிட்ட என் நம்பர் கீது." இதை என்னிடம் சொல்லவில்லை. இவரைப் பார்த்துக்கொண்டு என்னிடம் சொன்னார்.

போன பிறகு இவர் நெடுநேரம் கொட்டகையில் சாணி அள்ளினார். காலையிலேயே அள்ளியாகிவிட்ட சாணி.


பிப்ரவரி 11, புதன்

அலமேலு அக்காவின் வெள்ளாட்டுக்குக் குட்டி மாட்டிக்கொண்டது.

அக்கா எங்களுக்குக் கீழ்ப்பக்கத்து வீடு. நாற்பது வயது இருக்கும். கணவர் திருப்பூரில். வீட்டில் டி.வி., மிக்ஸி, வாசலில் புளியை உலர்த்தப் பெரிய நீலத் தார்ப்பாய். காலையில் அவர் போட்ட சத்தத்தில் இவரும் நானும் ஓடினோம். நான் ஓடவில்லை, நடந்தேன்.

ஆடு படுத்துக் கத்தியது. மனுஷி கத்துகிற மாதிரி. ஒரு கால் மட்டும் வெளியே. இவர் ஆட்டின் தலையைப் பிடித்துக்கொண்டார். அக்கா ரோட்டோரம் ஓடி, போனில் மாட்டு டாக்டரைப் பிடித்துக் கத்தினார்: "சார், கால் மட்டும் வந்துகினு கீது சார். ஆமா சார். வாங்க சார், சீக்கிரம்." ஜமுனாமரத்தூரிலிருந்து அவர் பைக்கில் வந்தார். கையுறை போட்டு உள்ளே விட்டுத் திருப்பி இழுத்தார். முதல் குட்டி செத்திருந்தது. இரண்டாவது உயிரோடு. தாயும் பிழைத்துக்கொண்டது.

நான் பார்த்திருக்கக் கூடாது. அக்கா, "வூட்டுக்குப் போ, வயித்துப் பிள்ளக்காரி இத்தெல்லாம் பாக்காத" என்று துரத்தினார். கால் நகரவில்லை.

மத்தியானம் இவர் சாப்பிடவில்லை. மெதுவாகச் சொன்னேன், "ஆட்டுக்கே டாக்டர் வந்தாருங்க."

"அது வீட்டு ஆடு கவி. தலைமுறை தலைமுறையா கட்டிப்போட்டு நாமதான் அதைக் கெடுத்துட்டோம். காட்டு ஆட்டுக்கு இப்படி ஆகாது."

அப்போது நான்? கட்டிப்போட்டு வளர்த்த ஆடா, காட்டு ஆடா? என் அம்மா, அவள் அம்மா, எல்லாம் போளூர்க்காரிகள். மிக்சர் தின்று பஸ்ஸில் போய் வளர்ந்த வம்சம். கேட்கவில்லை. கேட்டால் ஒரு பதில் வைத்திருப்பார்.

விரல் மடங்க மாட்டேன் என்கிறது. எழுதினால் வலி. இனி சுருக்கமாக எழுத வேண்டும். அலமேலு அக்கா = அ.அக்கா.


பிப்ரவரி 13, வெள்ளி

பனி இல்லை. காற்று. சருகு சத்தம்.

அ.அக்கா வீட்டில் புளி உடைக்கப் போனேன். ஓடு எடுப்பது மட்டும் என் வேலை, கொட்டை எடுக்க விரல் ஒத்துழைக்கவில்லை. இவர் குழாய் சரிசெய்ய ஓடைக்குப் போயிருந்தார்.

அக்கா ரொம்ப நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டுவிட்டார். "தப்பா நெனச்சிக்காதமே. உன் வூட்டுக்காரரு எங்கனா கேசு கீசுல மாட்டிக்கினு வந்து ஒளிஞ்சிக்கினு கீறாரா?"

எவ்வளவோ நாள் கழித்துச் சிரித்தேன். இல்லக்கா, இயற்கையா வாழணும்னு வந்தார் என்றேன்.

"இயற்கையான்னா?"

எனக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. மண் வீடு, மருந்து இல்லாத விவசாயம், கரண்ட் கம்மியா...

"எங்க மண்ணு வூடு மழையில சரிஞ்சி, நாங்க சிமெண்ட்டு வூடு வோணும்னு மனு குடுத்துக் குடுத்து நடையா நடந்தோம். நீங்க இன்னாடான்னா காசு குடுத்து ஆள வெச்சி மண்ண மெதிச்சி வூடு கட்டிக்கினு கீறீங்க." அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. எனக்கும்.

அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. பிரசவம் பற்றிக் கேட்டேன். மலையில் முன்பெல்லாம் வீட்டில்தானே பெற்றார்கள் என்று. இவர் சொல்வதையே நான் சொன்னேன், யாராவது ஆமாம் என்று சொல்லிவிட மாட்டார்களா என்ற ஆசையில்.

"பெத்தோம்" என்றார். புளியைப் பார்த்துக்கொண்டே. "எங்க பெரியக்காவும் வூட்லதான் பெக்கப் பாத்தா. ரோடு ஏது அப்போ. போர்வையில மூங்கில் கட்டித் தூக்கினு எறங்குனாங்க. பாதி மலையில தூக்குனவங்க எறக்கி வெச்சிட்டாங்க. எறக்கி வெச்சிட்டாங்கன்னா புரிஞ்சிக்கோ. ஆசப்பட்டா வூட்ல பெத்தோம்? வழியில்லாம பெத்தோம்."

இன்னும் நாலு பழத்தின் ஓட்டை உடைத்துப் போட்டார். கொஞ்சம் கழித்து, "பயப்படாத. எனக்கு ரெண்டும் ஆஸ்பத்திரில. சின்னவனுக்குக் கிழிச்சிதான் எடுத்தாங்க. நான் இன்னா இயற்கை இல்லாம பூட்டேனா?" என்று என் தொடையில் தட்டினார்.

எனக்குப் பயம் அதிகமாகத்தான் ஆனது. பாதி மலை எந்த இடம் என்று கேட்காமலே இருந்திருக்கலாம். கேட்டுவிட்டேன். பஸ்ஸில் போகும்போது பார்த்த இடம்தான்.


பிப்ரவரி 15, ஞாயிறு

எதிர் மலையில் தீ. யாரோ சருகுக்கு வைத்தது ஏறிவிட்டதாம். வனத்துறை ஆட்கள் போகிறார்கள். புகை பள்ளத்தில் இறங்கி இங்கேயே நிற்கிறது. கண் எரிச்சல். சூரியன் வெறும் செம்புத் தட்டு.

ஞாயிறு என்பதால் அம்மாவிடம் பேச வேண்டும். இவர் இருமிக்கொண்டிருந்தார். "நீ போய்ட்டு வா, நான் மாட்டுக்குத் தண்ணி காட்றேன்" என்றார். முதல்முறையாகத் தனியாக. வளைவு வரை போய் வியர்த்து, தலை கனத்து, சிக்னலும் இல்லாமல் திரும்பினேன். அதனால் சீக்கிரம் வந்துவிட்டேன்.

கொட்டகைக்குப் பின்னால் இவர்.

சுவரில் முதுகு சாய்த்து, கண் மூடி, நீல இன்ஹேலரை வாயில் வைத்து அழுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். சென்னையில் ராத்திரி ராத்திரி நான் பார்த்த அதே நிற்றல். அதே மாதிரி இடது கை நெஞ்சில். பழைய டப்பா இல்லை, புதுசு. ஜமுனாமரத்தூர் சந்தைக்குத் தனியாகப் போவாரே, அப்போது வாங்கியிருக்க வேண்டும்.

நான் பின்வாங்கி முன்வாசல் வழியாகச் சத்தம் போட்டுக்கொண்டு வந்தேன்.

கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பாவம் என்று வந்தது முதலில். பிறகு ஒரு குளிர் முதுகில். இத்தனை நாள் இவர் சொன்னது நம்பிக்கை என்று நினைத்தேன். நம்பிக்கையோடு பேசிப் பார்க்கலாம். இது நம்பிக்கை இல்லை, பயம். என்னைவிடப் பெரிய பயம். அதனிடம் எப்படிப் பேசுவது?

சாயங்காலம் வெறும் ரசம். தலைவலி.


பிப்ரவரி 16, திங்கள்

புகை குறைந்தது. தலைவலி குறையவில்லை.

கேட்டுவிட்டேன். இன்ஹேலர் பற்றி இல்லை. "ஒரே ஒரு முறை நர்சம்மாகிட்ட பிரஷர் மட்டும் பாத்துக்கறேங்க. ஊசி வேணாம், மாத்திரை வேணாம். பாக்க மட்டும்."

இவர் அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டே இருந்தார். பிறகு தன் அம்மாவைப் பற்றிச் சொன்னார். ஏற்கெனவே தெரிந்ததுதான், கல்யாணமான புதிதில் ஒரு வரியில் சொல்லியிருக்கிறார். இன்று முழுதாக.

"பிரசவத்துக்கு நடந்து போனாங்க கவி. ஆட்டோ கூட்டிட்டு வர்றேன்னு அப்பா சொன்னாரு. இதோ இருக்கற ஆஸ்பத்திரிக்கு எதுக்கு ஆட்டோன்னு, கூடையைத் தூக்கிட்டு, என் தலையைத் தடவிட்டு நடந்து போனாங்க. பாட்டு பாடிக்கிட்டு. நல்லா இருந்தவங்க. தங்கச்சி வரப்போறான்னு தெருவெல்லாம் சொல்லிட்டு இருந்தேன். ரெண்டு பேரையும் வேன்ல கொண்டாந்தாங்க. நான் பள்ளிக்கூட யூனிபார்ம்ல நின்னேன்."

என்ன ஆனது, ஏன் ஆனது என்று யாரும் சின்னப் பிள்ளைக்குச் சொல்லவில்லை. இவரும் பிறகு கேட்கவில்லை. நல்லா இருந்தவங்க, உள்ளே போனாங்க, வரல. அவ்வளவுதான் இவருக்குத் தெரிந்த கணக்கு.

கையைப் பிடித்துக்கொண்டேன். என் விரல்கள் அவருடையதைவிடத் தடிமன். அதை அவரும் பார்த்தார். "நாளைக்குப் பாக்கலாம்" என்றார். பார்க்கலாம் என்றால் யோசிக்கலாம் என்றா, பிரஷர் பார்க்கலாம் என்றா?


பிப்ரவரி 17, செவ்வாய்

எழுத்து இரட்டை.

நெற்றியில் சுக்குப் பற்று. எரிகிறது, வலி அப்படியே. பகலில் மின்மினி. கண்ணை மூடினாலும் பறக்கிறது.

பிள்ளை காலையில் உதைத்தது. இப்போது இல்லை. இருக்கிறது. மெதுவாக.

பயங்கள்:
கண் போய்விடுமோ.
பாதி மலை.
இவர் நிற்பார், பார்த்துக்கொண்டே.
அம்மாவிடம் பொய் சொன்னது.

நாளைக்குப் பார்க்கலாம் என்று இன்றும் சொன்னார்.


பிப்ரவரி 21, சனி

பெரியாஸ்பத்திரி. சமவெளி. மின்விசிறி. வெயில் ஜன்னலுக்கு வெளியே போளூர் வெயில் மாதிரியே இருக்கிறது. பக்கத்துக் கட்டில் அம்மாள் பேனா கொடுத்தார். நேற்று துணி எடுக்க மலைக்குப் போனபோது இவர்தான் இந்த நோட்டையும் எடுத்து வந்திருக்கிறார், துணிப் பையில் அடியில்.

நடந்ததை மறப்பதற்கு முன் எழுத வேண்டும். சில இடம் எனக்கு நினைவே இல்லை, அம்மாவும் இவரும் சொன்னது.

புதன் காலை. எழுந்ததும் வாந்தி. வலது விலாவுக்குக் கீழே யாரோ கை விட்டுப் பிசைகிற மாதிரி. நர்சம்மா சொன்ன மூன்றும் வந்துவிட்டன, தலை, கண், வலது பக்கம். இவர் ஓடைக்குப் போயிருந்தார், குழாய் மறுபடி பிடுங்கிக்கொண்டது. கூப்பிட்டால் கேட்காது. கேட்டு வந்தாலும் சுக்கு அரைப்பார்.

நின்று யோசித்தேன். இதுவரைக்கும் இவரைக் கேட்காமல் நான் ஒரு தக்காளி நாற்றுகூட நட்டதில்லை.

படலைத் திறந்துகொண்டு இறங்கினேன். செருப்பு போடவில்லை, வீங்கிய கால் அதில் நுழையவில்லை. பாதை இரண்டாகத் தெரிந்தது. எது நிஜம் என்று தெரியாமல் உட்கார்ந்து உட்கார்ந்து, பின்பக்கமாகத் தவழ்ந்தும் இறங்கினேன். அந்த நேரத்தில் நான் ஆடா மானா ஒன்றும் நினைக்கவில்லை. கீழே போக வேண்டும், அது மட்டும்.

அ.அக்கா வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வாளியைப் போட்டுவிட்டார். "அய்யய்யோ, மூஞ்சிய பாரு! டேய் முருகா, மூட்டைய எறக்குடா! வண்டிய எடுடா!" அவர் தம்பி முருகன் போளூர் சந்தைக்குப் புளி ஏற்றிக்கொண்டிருந்தார், சின்ன டெம்போ. பாதி மூட்டையை ரோட்டிலேயே உருட்டிவிட்டு, மீதி மூட்டை மேல் தார்ப்பாய் விரித்து என்னைப் படுக்க வைத்தார்கள். அக்கா என் தலையை மடியில் வைத்துக்கொண்டு போனில் நர்சம்மாவிடம் கத்தினார். புளி வாசனை. இனி ஜென்மத்துக்கும் எனக்குப் புளி வாசனை என்றால் அதுதான்.

வண்டி நகரும்போது இவர் ஓடி வந்தார். ஈர வேட்டி, கையில் குழாய்த் துண்டு. "எங்க கூட்டிட்டுப் போறீங்க? நிறுத்துங்க!"

அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வந்தா ஏறு, வர்லன்னா வுடு!"

இவர் ஏறவில்லை. ரோட்டில் நின்றார். நான் தார்ப்பாயில் படுத்தபடி, அவர் சின்னதாகிக்கொண்டே போவதைப் பார்த்தேன், இரண்டு பேராக. என் வாழ்க்கையில் அதைவிடப் பயமான காட்சி இல்லை. பிறகு அந்த இரண்டு பேரும் ஓடத் தொடங்கினார்கள். முருகன் கண்ணாடியில் பார்த்து வேகத்தைக் குறைத்தார். பின்னால் தொற்றி ஏறினார். இழுத்துக்கொண்டிருந்தது மூச்சு, விசில் மாதிரி. சட்டைப் பையிலிருந்து இன்ஹேலரை எடுத்து, என் முன்னாலேயே, அக்கா முன்னாலேயே அடித்துக்கொண்டார். 

ஜமுனாமரத்தூரில் நர்சம்மா ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்றார். கையில் பட்டை சுற்றிக் காற்றடித்தார்கள். பிரஷர் எவ்வளவு என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நர்சம்மா முகத்தைப் பார்த்தேன், போதும். ஒரு ஊசி. உடம்பெல்லாம் தீப்பிடித்த மாதிரி சூடு. "பிட்ஸ் வராம இருக்கத்தான்மா, பொறுத்துக்கோ." அப்புறம் 108.

மலை இறக்கம். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் என் கட்டில் ஒரு பக்கம் போகும், இவர் இழுத்துப் பிடிப்பார். பாதி மலை எப்போது வந்தது, எப்போது போனது என்று எனக்குத் தெரியாது. கண்ணை இறுக்கி மூடியிருந்தேன். போளூர் தாண்டும்போது வெக்கை முகத்தில் அடித்தது. ஊர் நாற்றம், டீசல், பூ, சாக்கடை. அழுகை வந்தது. அம்மா வழியில் நின்று ஏறிக்கொண்டாளாம், எனக்கு நினைவில்லை.

இங்கே வந்ததும் பிள்ளையை உடனே எடுக்க வேண்டும் என்றார்கள். சின்ன வயது டாக்டரம்மா. இவரிடம் காகிதத்தை நீட்டினார். இவர் வாங்கவில்லை.

"அவங்க திரும்பி வருவாங்களா?"

டாக்டரம்மா அவசரத்தில் இருந்தார். இருந்தும் ஒரு கணம் நின்றார். "அதுக்காகத்தாங்க பண்றோம். சத்தியம் பண்ண முடியாது. பண்ணலன்னா என்ன ஆகும்னு மட்டும் எனக்கு நிச்சயமாத் தெரியும்."

காகிதத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். எனக்கு இரண்டு கையெழுத்தாகத் தெரிந்தது. இரண்டும் அவருடையது மாதிரி இல்லை.

என்னைத் தள்ளிக்கொண்டு போகும்போது கதவு வரை கூட நடந்தார். என் தலையைத் தடவினார்.  கதவு மூடும்போது அவர் முகம் பள்ளிக்கூடப் பையன் முகம்.

பெண். அழவில்லையாம் முதலில். பிறகு அழுதாளாம். நான் கேட்கவில்லை.

போதும். தையல் இழுக்கிறது.


பிப்ரவரி 22, ஞாயிறு

கண் சரியாகிவிட்டது. எழுத்து ஒன்றாகத் தெரிகிறது. பிரஷர் இறங்கவில்லை, மாத்திரை.

பிள்ளையை இன்னும் நான் பார்க்கவில்லை. வேறு மாடியில், குறைமாதப் பிள்ளைகள் அறையில். அம்மா பார்த்துவிட்டு வந்து, "உள்ளங்கையில அடங்கிடும்டி" என்றாள். பிறகு, அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று வேறு ஏதோ பேசினாள். பால் பீச்சிச் சின்னக் கிண்ணத்தில் அனுப்புகிறோம். கொஞ்சம்தான் வருகிறது. பக்கத்துக் கட்டில் அம்மாள், "பூண்டு சாப்பிடு, தானா வரும்" என்கிறார்.

இவர் என் கட்டிலுக்கு வருகிறார், நிற்கிறார், போகிறார்.  மலைக்குத் திரும்புவதைப் பற்றி நானும் கேட்கவில்லை. மாட்டுக்கு அ.அக்கா தண்ணீர் காட்டுகிறாராம், போன் வந்தது.

மத்தியானம் மட்டும் ஒன்று சொன்னார். "நான் ஓடையிலேர்ந்து அன்னைக்கு சீக்கிரம் வந்திருந்தா உன்னைப் போக விட்டிருக்க மாட்டேன் கவி."

தெரியும் என்றேன்.

 நான் அவரை மன்னித்தேனா என்று தெரியவில்லை. பயமாக இருக்கும்போது கோபப்பட முடியவில்லை. பயம் போன பிறகு வரும் போலிருக்கிறது. வரட்டும்.


பிப்ரவரி 24, செவ்வாய்

இன்று பார்த்தேன்.

சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனார்கள். கை கழுவி, பச்சை அங்கி. அப்பாக்களையும் விடுகிறார்கள், ஒவ்வொருவராக. உள்ளே கதகதவென்று இருக்கிறது. மேலே விளக்குச் சூடு. கண்ணாடித் தொட்டிகள். எங்களுடையது ஜன்னலோரம்.

என்ன எழுத. சிவப்பு. தோல் பழைய துணி மாதிரி சுருக்கம். மூக்கில் குழாய், காலில் ஒயர். நகம் இருக்கிறது! எல்லா விரலிலும் நகம். முதுகில் பூனைமயிர். என்னைப் பார்க்கவில்லை, தூக்கம்.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வயிறு ஏறி இறங்குவது நின்றது. சும்மா நின்றது. மெஷின் கத்தியது.  நர்ஸ் ஒருவர், வயதானவர், பதறாமல் வந்து தொட்டிக்குள் கை விட்டு உள்ளங்காலில் சுண்டினார். பிள்ளை முகத்தைச் சுளித்து மூச்சு இழுத்தது. மெஷின் சத்தம் நின்றது.

"பயப்படாதம்மா. கொறமாசப் பிள்ளைங்க அப்பப்போ மூச்சு வுட மறந்துடும். உள்ள இருக்கச்சே அந்த வேலையே இல்ல பாரு. இப்பதான் கத்துக்கினு வருது. தட்டுனா நெனப்பு வந்துடும்."

"எப்ப சரியாவுங்க?" என்று இவர் பின்னாலிருந்து கேட்டார்.

"ஆவும்போது ஆவும் சார். அதுவரைக்கும் யாரனா தட்டணும்."

இவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். கையை ஓட்டை வழியாக உள்ளே விட்டு, காலைத் தொடாமல், தொடுகிற தூரத்தில் ஒரு விரல். அவர் விரல் நீளம்கூட இல்லை அந்தக் கால். நர்ஸ், "சார், மெஷின் கத்தும் சார், நீங்க சும்மா இருக்கலாம், நாங்க வருவோம்" என்றார். இவர் சரி என்று சொல்லிவிட்டு விரலை எடுக்கவில்லை. நேற்று முழுக்க இப்படித்தான் உட்கார்ந்திருந்தாராம், நர்ஸ் சொல்கிறார். என்னிடம் சொல்லவே இல்லை. நேரம் முடிந்தது, வெளியே போங்கள் என்றாலும் வராந்தாவில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றாராம்.

"சாப்டுட்டு வாங்க, நான் பாக்கறேன்" என்றேன்.

"நீ எழுதிக்கோ."

மடியில் நோட்டு. எழுதுகிறேன். அவர் பார்க்கவில்லை, வயிறு ஏறுவதை மட்டும் பார்க்கிறார். அவருக்கும் இழுக்கிறது, கேட்கிறது எனக்கு. இன்ஹேலர் சட்டைப் பையில், வெளியே தெரிய.

பிள்ளைக்கு மறுபடி மூச்சு நின்றது.

கத்துகிறது. தட்டினார். இல்லை. இன்னொரு தட்டு. நர்ஸ் அந்தக் கோடியிலிருந்து திரும்புகிறார். இவர் சுண்டினார், பலமாக, நான் அய்யோ என்றேன்.

அழுகிறாள். குரல் இருக்கிறது, பூனைக்குட்டி மாதிரி, ஆனால் இருக்கிறது. இப்போதுதான் முதல்முறை கேட்கிறேன். நர்ஸ் கிண்ணத்தோடு வருகிறார், பால் வேண்டுமாம், பீச்ச வேண்டும்